துப்பாக்கிக் கணக்கு

ஒடுகத்தூர் டீக்கடையில் இன்னிக்குப் பேச்சு: “ஆயுதச் சட்டத்துல கேஸ் ஏறிப்போச்சாம், துப்பாக்கி பெருகிடுச்சுப்பா!”

அவசரப்படாதீங்க.

1959 ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு மட்டுமில்லை. 9 அங்குலத்தைத் தாண்டிய பட்டாக்கத்தியும் அதில்தான் வரும். (கழனி அரிவாளுக்கு விலக்கு உண்டு.) ஜவ்வாது மலையில் காட்டுப்பன்றிக்கு ஒளித்து வைக்கிற உரிமமில்லா நாட்டுத்துப்பாக்கியும் அதே கணக்கு. யாரையும் சுட்டிருக்க வேண்டாம், கையில் இருந்தாலே வழக்கு.

ரெய்டு கூடினால் எண்ணிக்கையும் கூடும்.

போக்கு தெரியணுமா? கொலைகளில் துப்பாக்கியால் நடந்தவை எத்தனை, லட்சம் பேருக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

அமெரிக்காவில் துப்பாக்கிக் கொலைகள் 1993ல் சுமார் 18,250, 2021ல் 20,958. ஏறியதுபோல் இருக்கும். ஆனால் மக்கள்தொகையும் ஏறியதே! லட்சத்துக்கு 7.0 இருந்தது 6.3தான்.

நம்ம பக்கம் கொலை வழக்குகளில் இன்னும் கத்தியும் அரிவாளும்தான் அதிகம்.