பெகுவில் ஒரு பழைய டிராக்டரும் மோரேயிலிருந்து வந்த வளையமும்

எங்கள் வீட்டு டிராக்டர் மாஸ்ஸி பெர்குசன் 135. அப்பா ஒரு நெல் மில்லிலிருந்து பழையதாக வாங்கியது. 1964-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் வரத் தொடங்கிய மாடல். எஞ்சின் இன்றும் காலையில் முதல் சுற்றிலேயே கிளம்பிவிடும். 2019 மார்ச் கடைசியில் படுத்துக்கொண்டது அதன் ஹைட்ராலிக் லிஃப்ட், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் கலப்பையைத் தூக்கும் பகுதி.

முதலில், தூக்கிய டிஸ்க் கலப்பை வரப்பில் திரும்புவதற்குள் தானாக இறங்கியது. ரெண்டு நாள் கழித்து விக்கல் எடுப்பதுபோல் துள்ளத் தொடங்கியது. கொஞ்சம் இறங்கும், பம்பு மறுபடி தூக்கும், மறுபடி இறங்கும். எஞ்சினை நிறுத்தினால், நான் சீட்டை விட்டு இறங்குவதற்குள் கலப்பை மண்ணில் கிடக்கும்.

பர்மாவில் பெகுப் பக்கம் விவசாயம் செய்கிறவர்களுக்கு ஏப்ரல் மாதம் எப்படிப்பட்டது என்று தெரியும். நடுவில் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா வரும், நாள்கணக்கில் ஒரு கடை திறக்காது. மே கடைசியில் மழை இறங்கிவிடும். அதற்குள் கோடை உழவு முடியாவிட்டால் அந்த வருஷத்து நெல்லே தள்ளிப்போகும். எங்கள் நிலம் மட்டும் என்றால் மாடு கட்டியாவது சமாளித்திருப்பேன். ஏழு வீட்டு நிலத்துக்கு உழுது தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஊர் மெக்கானிக் வந்து பார்த்தார். லிவரை நாலு முறை மேலும் கீழும் தள்ளிவிட்டு, "பம்பு போச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டார். நானும் வேறு எதுவும் கேட்காமல் அடுத்த நாள் ஐம்பது மைல் பஸ் பிடித்து ரங்கூன் போனேன். அங்கே பபேடான் என்ற பகுதிக்குப் போனேன். அந்தப் பெயருக்கே பர்மிய மொழியில் கொல்லர் வரிசை என்று பொருள். இரும்புச் சாமானும் கருவிகளும் விற்கும் கடைகள் இன்றும் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. நாலாவது கடையில் "135 பம்பு இருக்கு" என்றார்கள். ஐம்பது கூடை நெல் விற்ற காசைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து எண்ணெயை வடித்து, பின்னாலிருக்கும் பி.டி.ஓ. தண்டை (எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டும் கருவிகளுக்குக் கொடுக்கும் தண்டு) உருவினோம். இந்த டிராக்டரில் பம்பு வெளியே தெரியாது. பின்வயிற்றுக்குள் எண்ணெயில் மூழ்கி இருக்கும், அந்தத் தண்டுதான் அதற்குள் புகுந்து சுற்றும். தண்டில் இருக்கும் பற்களை எண்ணினேன். இருபத்தொன்று. வாங்கி வந்த பம்பின் உள்ளே எண்ணினேன். பத்து! பத்துப் பல் பம்பு பழைய மாஸ்ஸி 35-க்கு உரியது. வெளித்தோற்றம் ரெண்டுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். திருப்பிக் கொண்டுபோனால், எண்ணெய் பட்டுவிட்டது என்று சொல்லிக் கால்பங்கு பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுத்தார்கள். அந்தக் காசு போனது இன்னும் உறுத்துகிறது. தண்டை உருவ அரை மணி நேரம்தான் ஆகும். அதைச் செய்துவிட்டுப் பஸ் ஏறியிருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் பெகுவில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் மாமா ஒருவரைப் பார்த்தேன். அம்மாவுக்குத் தூரத்து உறவு, எழுபதைத் தாண்டியவர். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "சரி தம்பி, எண்ணெய் எங்க கசியுதுன்னு பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. "பாக்காமலே பம்பு வாங்கப் போனியா?" கோபமில்லாமல்தான் கேட்டார். மறுநாள் காலை அவரே வந்துவிட்டார்.

அவர் செய்த சோதனையை அப்படியே எழுதுகிறேன். பழைய மாஸ்ஸி வைத்திருக்கும் எல்லாருக்கும் இது உதவும். வலது பக்கம் எண்ணெய் அளவுக் குச்சி சொருகியிருக்கும் மூடியைக் கழற்ற வேண்டும். கலப்பையைத் தூக்கி நிறுத்தி, அடியில் கனமான மரக்கட்டைகளை முட்டுக் கொடுக்க வேண்டும் (முட்டில்லாமல் யாரும் கிட்டே போகக் கூடாது). எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்தத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கீழே பம்பு, மேலே லிஃப்ட் சிலிண்டர், ரெண்டையும் இணைத்து நெட்டுக்குத்தாக ஒரு குழாய். பம்பு உடம்பிலிருந்து எண்ணெய் பீச்சினால் கோளாறு பம்பில். மேலிருந்து ஒழுகினால் சிலிண்டரில்.

பார்த்தேன். பம்பைச் சுற்றி ஒரு சலனமும் இல்லை. சிலிண்டர் வாயிலிருந்து விரல் கனத்தில் எண்ணெய் விட்டுவிட்டுக் கொட்டியது. குழாயின் மேல்முனையிலும் ஒரு கோடாகக் கசிந்தது. டார்ச் வெளிச்சத்தில் அந்த எண்ணெய் தேன் நிறத்தில் மின்னியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. நல்ல பம்பை எறிந்துவிட்டுப் புதுசு போடப் பார்த்திருக்கிறேன்.

லிஃப்ட் மூடியைப் புளியமரக் கிளையில் செயின் பிளாக் கட்டித் தூக்கினோம். அதற்கு முன்னால் அந்த இணைப்புக் குழாயை மேல்வழியாக உருவிவிட வேண்டும், இல்லையென்றால் வளைந்துவிடும். பிஸ்டனை வெளியே எடுத்தபோது அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் கையிலேயே பிய்ந்தது. கருவாடுபோல் காய்ந்து, ஒரு பக்கம் தட்டையாகிக் கிடந்தது. சிலிண்டர் சுவரில் மெல்லிய கீறல் ஒன்று. மாமா நகத்தை ஓட்டிப் பார்த்தார். "நகம் மாட்டல, உப்புத்தாள் போட்டா போதும்."

ஆக, தேட வேண்டியது ரெண்டு ரப்பர் வளையம்தான். ஆனால் அதைத் தேடுவது பம்பைத் தேடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இங்கே ஓடும் இயந்திரங்களில் நிறைய ஜப்பான்காரனுடையவை. கடைகளில் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பெட்டிகளும் ஜப்பான் அளவு. எங்கள் வண்டி அங்குலக் கணக்கில் செய்தது. அங்குல வரிசையில் வளையத்தின் தடிப்பு 3.53, 5.33, 6.99 மில்லிமீட்டர் என்று வரும். ஜப்பான் வரிசையில் 3.5, 5.7, 8.4. சின்ன வளையத்தில் வித்தியாசம் முடியளவுகூட இல்லை, அதனால் குழாய்க்கான வளையம் பெகுவிலேயே கிடைத்துவிட்டது. பெரிய பிஸ்டன் வளையத்தில்தான் மாட்டிக்கொண்டோம். ஒன்று பிஸ்டனில் வளையம் உட்காரும் காடிக்குள் ஆடியது, இன்னொன்று பிதுங்கி நின்றது. "கிட்டத்தட்ட சரியா இருக்கே, போட்டுப் பாருங்க" என்று ஒரு கடைக்காரர் சொன்னார். மாமா கேட்கவில்லை. இந்தப் பம்பின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2500 பவுண்டுக்கு மேல் போகும், கிட்டத்தட்ட என்ற வளையம் ஒரு வாரம் தாங்காது என்றார்.

அப்போதுதான் மோரேயில் இருக்கும் சித்தப்பா ஞாபகத்துக்கு வந்தார். 1960-களில் பர்மாவை விட்டுப் போன தமிழர்களில் கொஞ்சம் பேர், மறுபடி இங்கே திரும்பிவர நினைத்து மணிப்பூர் எல்லைவரை வந்து, அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த ஊர்தான் மோரே. எல்லைக்கு இந்தப் பக்கம், பர்மாவில், தம்மு. சித்தப்பாவுக்குச் சென்னையில் உதிரிபாகக் கடைக்காரர் பழக்கம். மாஸ்ஸி பெர்குசன் டிராக்டரை டாஃபே நிறுவனம் சென்னையிலேயே செய்வதால் அதற்கான சாமான் அங்கே தாராளம். கவென்ட்ரி வண்டிக்கு வைத்தியம் சென்னைச் செம்பியம் பக்கம் இருக்கும் என்று எனக்கு முதலிலேயே தோன்றவில்லை.

அந்தக் கடைக்காரர் மாடல் பெயரோடு நிற்கவில்லை. பிஸ்டன் விட்டம், காடியின் அகலம், ஆழம், மூன்றையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து படத்தோடு அனுப்பச் சொன்னார். மாமா ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் அளந்து எழுதிக் கொடுத்தார். ரெண்டு ஜோடி வளையமும், அதோடு சேர்த்துப் போடும் பேக்கப் வளையமும் சென்னையிலிருந்து இம்பால், அங்கிருந்து மோரே, தம்மு, மாண்டலே என்று பஸ் பஸ்ஸாக மாறி வந்தன. திஞ்ஞான் முடிந்து ஆறாம் நாள் பொட்டலம் கைக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிட்டது. பத்துக் கூடை நெல்கூட ஆகவில்லை.

வளையத்தைச் சூடான எண்ணெயில் போட்டு இளக்கி, பிஸ்டனில் ஏற்றினோம். மூடியை இறக்கும்போது ஒரு தவறு நடந்தது. மூடிக்கு அடியில் தொங்கும் ரெண்டு லிவரும் பம்பு வால்வின் சரியான பக்கத்தில் போய் உட்கார வேண்டும். ஒன்று இடம் மாறி விழுந்துவிட்டது. பக்கத் துளை வழியாகப் பார்த்துக் கண்டுபிடித்து, மறுபடி செயினில் தூக்கி இறக்கினோம். பழைய எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது, உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றினோம்.

சாயங்காலம் கலப்பையைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, கட்டையை அடியில் ஒரு சாண் கீழே வைத்து, கொட்டகைத் தூணில் கலப்பை நின்ற உயரத்துக்குச் சாக்பீஸ் கோடு போட்டோம். மாமா அன்று எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டார். காலையில் நான் எழுந்து போனபோது அவர் அங்கே குனிந்து நின்றுகொண்டிருந்தார். கோட்டுக்கு ரெண்டு விரல் கீழே இறங்கியிருந்தது கலப்பை. "ராத்திரி பூராவுக்கும் இவ்வளவுதான். டீசல் ஊத்து, கிளம்பு" என்றார்.