வில் பிடியில் பித்தளைப் பதிப்பு

மரத்தில் பள்ளம் தோண்டித் தகடு முதலியவற்றைப் பதிக்கும் பதிப்பு வேலைக்கு வில்லில் இடம் ஒன்றுதான்: வளையாத கைப்பிடி. நாணை இழுக்கும்போது இலக்கைப் பார்த்த பக்கத்து நார்கள்தான் இழுபட்டு நிற்கும். வளையும் இடத்தில் அந்த நாரை உளி லேசாக அறுத்தாலும் முறிவு அங்கிருந்தே கிளம்பும். பிடியிலும், அது மெலியத் தொடங்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளியே பள்ளம் தோண்டுங்கள். ஒன்றரை அங்குலக் கனமுள்ள பிடி 2 மி.மீ. பள்ளத்தைத் தாராளமாகத் தாங்கும். இரு பக்கமும் சமமாக வளைகிறதா என்று பார்த்துச் செதுக்கி முடித்த பிறகுதான் இந்த வேலை. முன்பே அழகு பார்த்தால், செதுக்கும்போது உடைகிற வில்லோடு பதித்த பூவும் போச்சு.

பித்தளைத் தகடு, எருமைக் கொம்பு, கொட்டாங்குச்சி மூன்றுமே நன்றாக உட்காரும். கொட்டாங்குச்சியில் அரை அங்குலத்துக்கு மேல் துண்டு எடுத்தால், வளைவைத் தட்டையாக்குவதிலேயே கனம் தேய்ந்துவிடும். கடமான் கொம்பு பக்கம் போகவே வேண்டாம். முதுமலைப் பக்கம் தானாக உதிர்ந்து கிடந்ததை எடுத்தாலும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

வடிவத்தை முதலில் வெட்டி, அதை மரத்தில் வைத்துக் கத்தி முனையால் சுற்றிக் கீறுங்கள். பென்சில் கோட்டின் தடிமன்தான் பிறகு சந்தாகப் பல்லிளிக்கும். வடிவத்தின் நீளம் மர ரேகையோடு போகட்டும். அகலம் 10 மி.மீ.க்குள் இருக்கட்டும். மரம் ரேகைக்குக் குறுக்கேதான் ஊதும், பித்தளை ஊதாது. ஊட்டியில் ஆடி மழையில் ஊதித் தையில் சுருங்கும் மரம், அகலமான தகட்டை வெளியே தள்ளிவிடும். 2 மி.மீ. தகட்டுக்குப் பள்ளம் ஒன்றரை போதும். மிச்சத்தை அரம் பார்த்துக்கொள்ளும்.

தகட்டின் அடியை 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் கீறி, தின்னரில் துடைத்த பிறகு விரல் படக் கூடாது. மெதுவாக இறுகும் அரால்டைட்டே நல்லது, அதில் அதே மரத்தின் தூளைக் கலந்தால் சந்து தெரியாது. மலைக்குளிரில்தான் சிக்கல்: மறுநாளும் பசை கொழகொழவென்றே இருக்கும். ஓர் அடி மேலே 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். மிஞ்சிய பசையை டப்பா மூடியில் வைத்து, பக்கத்திலேயே வையுங்கள்; அதில் நகம் பதியாத அளவுக்கு இறுகும் வரை பிடியைத் தொடாதீர்கள்.

வெளிர் மரமென்றால் அரம் போடுமுன் சுற்றிலும் ஒரு கை பிரெஞ்சு பாலிஷ் கொடுங்கள். இல்லையேல் பித்தளைத் தூள் நுண்துளைகளில் புகுந்து கருக்கும். ஈட்டி மரத்தில் அது தெரியாது. உப்புத்தாளைக் கட்டையில் சுற்றியே தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் மரம் குழிந்து தகடு மேடாகும். 120, 220, 400 என்று போங்கள். அவசரப்பட்டால் தகடு சுட்டு, அடியில் பசை இளகி ஓரம் தூக்கும்.

வார்னிஷுக்கு முன் நாணேற்றி இருபது முறை இழுத்துப் பாருங்கள் (அம்பில்லாமல் மட்டும் சட்டென்று விட்டுவிடாதீர்கள்). பிறகு ஓரத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால், சால்டரிங் அயர்ன் முனையைத் தகட்டில் அரை நிமிடம் வைத்துக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டு மறுபடி ஒட்டலாம்.