ரெண்டு பாலிசி இருந்தும் பாக்கிப் பணத்துக்கு அலையவிட்டார்கள்

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த பில் 3 லட்சத்து 40 ஆயிரம். தம்பி கம்பெனியின் குரூப் பாலிசியில் 2 லட்சம் கேஷ்லெஸ்ஸில், அதாவது ஆஸ்பத்திரிக்கே நேராக, வந்துவிட்டது. மிச்சத்தைப் புரட்டிக் கட்டி, தண்டையார்பேட்டைக்கு அழைத்து வந்தோம். அப்பா பேரில் பல வருஷமாகப் பிரீமியம் கட்டிவரும் தனி பாலிசி இருக்கிறதே, பாக்கி அதில் வந்துவிடும் என்ற தைரியம்.

வந்தது ரிஜெக்‌ஷன் கடிதம். அசல் பில் இல்லையாம், இதே சிகிச்சைக்கு வேறு நிறுவனத்தில் க்ளெய்ம் வாங்கியாகிவிட்டதாம். கேஷ்லெஸ் என்றால் அசல் எல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே டிபிஏவுக்கு, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்மைக் கையாளும் நிறுவனத்துக்குப் போய்விடும். தினமும் க்ளெய்ம் பார்ப்பவர்களுக்கு இது தெரியாதா? மெட்ரோ பிடித்து அண்ணா சாலை ஆபீசுக்குப் போனால், கவுன்டரில் இருந்தவர் ஃபைலைப் பிரிக்கவே இல்லை. "ஒரிஜினல் கொண்டாங்கம்மா." டிபிஏவைக் கேட்டால், "ஒரிஜினலைத் திருப்பித் தர மாட்டோம்." அப்பா, "விட்டுடும்மா, போனது போகட்டும்" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவர் ரிட்டயர் ஆன பிறகும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய பிரீமியம் அது.

வழி சொன்னவர் ஆஸ்பத்திரி பில்லிங்கில் இருந்த அக்கா. "டிபிஏகிட்ட செட்டில்மென்ட் லெட்டர் கேளு. எதுக்கு எவ்ளோ குடுத்தாங்க, எதைக் கழிச்சாங்கன்னு அதுல இருக்கும். பில் நகலுக்கு நான் சீல் போட்டுத் தரேன்." பக்கத்துக்குப் பக்கம் ஊதா மையில் வட்ட சீல், பக்கத்திலேயே கையெழுத்து. ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் மட்டும் நகலில் மங்கலாக விழுந்திருந்தது. சீரியல் நம்பர் படிக்க முடியாவிட்டால் அதற்கே தனியாக ஒரு க்வெரி போடுவார்கள் என்று அவரே வேறு நகல் எடுத்துக் கொடுத்தார். நீங்களும் கவுன்டரை விட்டு நகரும் முன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

செட்டில்மென்ட் லெட்டரைத் தர டிபிஏ இழுத்தடித்தது. போனில் பேசுவதை விட்டுவிட்டு, இரண்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளின் குறைதீர்ப்பு அதிகாரிகளுக்கும் ஒரே மெயில் போட்டேன். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே 29ல் வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலரைக் காட்டினேன். பல பாலிசி இருந்தால் எதில் க்ளெய்ம் போடுவது என்பது நம் விருப்பம், பாக்கியை மற்ற கம்பெனியிடமிருந்து பெற முதல் கம்பெனிதான் ஒருங்கிணைத்து உதவ வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் சரியான பதில் வராவிட்டால், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேனுக்குப் போவேன் என்றும் எழுதினேன். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். அந்த மெயிலுக்குப் பிறகுதான் லெட்டர் வந்தது. ரிஜெக்ட் ஆன ஃபைலையும் திரும்பத் திறந்தார்கள்.

பணம் அப்பா கணக்கில் ஏறிவிட்டது. கையுறை, மாஸ்க் மாதிரி சாமான்களுக்கு இரண்டு பேருமே தரவில்லை. அதற்காக நான் மல்லுக்கு நிற்கவில்லை. டிஸ்சார்ஜுக்குப் பிறகு வாங்கிய மாத்திரைகளுக்கும் க்ளெய்ம் போட அவகாசம் இருக்கிறது. இந்த முறை அசல் பில்கள் எங்களிடமே இருக்கின்றன, டாக்டர் சீட்டோடு பின் அடித்து.