செக்கு வீட்டு நாட்குறிப்பு: வாய் கொப்பளிக்க நல்லெண்ணெய்

9 ஜூன் 2025, திங்கள்

சிவகிரி ஏலத்தில் எடுத்த புது எள் வந்து இறங்கியாச்சு. கருப்பு எள்தான் அதிகம், சிவப்பு கொஞ்சம். புடைத்து, கல் பொறுக்கி, நல்ல வெயிலில் காய வைத்து இன்று மதியம் முதல் ஆட்டு. எங்களுடையது வாகை மரச் செக்கு. எள் நசுங்கிக் கசிய ஆரம்பிக்கும் நேரம் பார்த்துக் கருப்பட்டியைத் தட்டிப் போடணும். அந்தப் பக்குவம் தப்பினால் பிண்ணாக்கும் எண்ணெயும் ஒழுங்காகப் பிரியாது.

எண்ணெய் இன்னும் தெளியக்கூட இல்லை, அதற்குள் வாடிக்கைக்காரர்கள். இப்போதெல்லாம் நூறு மில்லி, கால் லிட்டர் என்று வாங்குகிறவர்களில் பலர் தாளிக்க வாங்குவதில்லை, வாய் கொப்பளிக்கத்தான். கொடுமுடிப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா, "இதைக் கொப்பளிச்சா சர்க்கரையே இறங்கிருமாமுங்களே? மாத்திரையை நிறுத்திரலாமுங்களா?" என்று கேட்டார். "மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்கம்மா. இது வாய்க்குத்தானுங்க" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. செல்போனில் வந்த வீடியோவைக் காட்டினார். மூட்டுவலி, ஆஸ்துமா, சர்க்கரை, தலைவலி என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது.

எண்ணெய் ஆட்டி விற்பதாலேயே இதைச் சரியாகச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. இனி இது சம்பந்தமாகக் கேட்டது, பார்த்தது, தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

12 ஜூன், வியாழன்

மாமா (என் கணவரின் அப்பா) ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார். காபி, தண்ணீர் எதுவும் படாத வெறும் வாய். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், பதினைந்து மில்லி இருக்கும். வாயை மூடிக்கொண்டு, பல் இடுக்கில் எண்ணெயை இழுத்து இழுத்து விடுவார். கன்னம் மெதுவாக அசையும், அவ்வளவுதான். அண்ணாந்து தொண்டையில் கரகரவென்று விட மாட்டார். "அண்ணாந்தா புரையேறிரும் சாமி" என்று என் மகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வாசல் கூட்டி, கோலம் போட்டு நான் நிமிரும் வரைக்கும் அவர் வாயில் எண்ணெய் இருக்கும். பிறகு குப்பைமேட்டில் துப்புவார். குழாய்த் தொட்டியில் துப்பினால் நாளடைவில் குழாய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளித்து, பிரஷ்ஷால் பல் துலக்குவார். கடைசியில் சொன்னதுதான் முக்கியம், அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இன்று அவர் துப்பும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். வாயில் போகும்போது தேன் நிறத்தில் கெட்டியாக இருந்தது, துப்பும்போது பால் மாதிரி வெளுத்து, நீர்த்து, நுரைத்துக்கொண்டு விழுந்தது. இந்த வெள்ளை நிறத்தைக் காட்டித்தான் "உடம்பிலிருக்கிற நஞ்செல்லாம் இறங்குது பாருங்க" என்கிறார்கள்.

கடைக்கு வந்ததும் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் பாதி எண்ணெய், பாதி தண்ணீர் ஊற்றி மூடி நன்றாகக் குலுக்கினேன். அதே வெள்ளை. யார் உடம்பிலிருந்தும் எதுவும் இறங்கவில்லை. எண்ணெய் பொடிப்பொடித் துளியாக உடைந்து தண்ணீரில் கலந்தால் வெளுத்துத்தான் தெரியும். வெறும் தண்ணீர் என்பதால் புட்டியில் சீக்கிரமே பிரிந்துவிட்டது. எச்சிலில் புரதம் இருப்பதால் வாயில் அந்தக் கலவை கொஞ்சம் நிற்கிறது. புட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். யாராவது நஞ்சு என்று பேச்செடுத்தால் குலுக்கிக் காட்டலாம்.

பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் எண்ணெய்க் கொப்பளிப்பு இருக்கிறது. தாடைக்கு வலு, குரலுக்கு வலு, நாக்குக்கு ருசி, தொண்டை வறளாது, உதடு வெடிக்காது, கடினமானதையும் கடித்து மெல்லலாம் என்று சொல்லியிருக்கிறது. வாய் நிறைய வைத்துக்கொண்டு அசைக்காமல் இருப்பது கண்டூஷம், கொஞ்சமாக எடுத்து அசைத்துக் கொப்பளிப்பது கவலம். மாமா செய்வது கவலம். உடம்பிலுள்ள நஞ்சை நாக்கு வழியாக எண்ணெய் உறிஞ்சி எடுக்கும் என்ற கதை 1990களில் காரக் என்ற மருத்துவரின் பெயரால் ஊர் ஊராகப் பரவியது.

17 ஜூன், செவ்வாய்

அத்தை சோற்றை ஒரு பக்கமாகவே மெல்கிறார். கேட்டால் "ஒண்ணுமில்ல கண்ணு" என்கிறார். இன்று துலக்கும்போது துப்பியதில் ரத்தம். கீழ்க் கடவாய்ப் பல் லேசாக ஆடுகிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரை கொண்டுவரும் அக்கா மதியம் வந்தபோது சொன்னேன். சமீபத்தில் அத்தைக்கு எடுத்த மூணு மாசச் சர்க்கரை (மூணு மாசச் சராசரியைக் காட்டும் HbA1c) 8.4. "சர்க்கரையும் ஈறும் ஒண்ணையொண்ணு கெடுக்கும், தள்ளிப் போடாமப் பல் டாக்டர்கிட்டக் கூட்டிப் போங்க" என்று அவரும் சொன்னார்.

விஷயம் இதுதான். சர்க்கரை கூடினால் கிருமியை எதிர்க்கும் வலு குறைந்து ஈறு புண்ணாகிறது. ஈறு புண்ணாகிக் கிடந்தால் அந்த அழற்சியே இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாமல் சர்க்கரையை ஏற்றுகிறது.

அத்தை, "ரெண்டு நேரம் எண்ணெய் கொப்பளிச்சாச் செரியாப் போயிரும்" என்றார். "கொப்பளிங்க அத்தை, வேண்டாங்கல. டாக்டரையும் பார்த்துட்டு வந்துரலாம்" என்றேன். மாமாவும் என் பக்கம் பேசியதால் ஒத்துக்கொண்டார்.

20 ஜூன், வெள்ளி

ஈரோட்டில் பல் மருத்துவமனை. டாக்டரம்மா பொறுமைசாலி. கோடு கோடாக அளவு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக இறக்கினார். நல்ல ஈறில் மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுமாம். அத்தைக்கு அந்தக் கடவாய்ப் பல்லில் ஆறு மில்லிமீட்டர் இறங்கியது. கண்ணாடியைச் சாய்த்து எனக்கும் காட்டினார். கீழ் முன்பற்களின் உள்பக்கம், நாக்குக்கு அடியில் உமிழ்நீர் சுரக்கும் இடத்தில், பழுப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டு. ஒரு பல்லையும் அடுத்த பல்லையும் ஒட்டவைத்த மாதிரி மேடு கட்டியிருந்தது. அதுதான் காரை. பல்லில் படியும் கிருமிப் படலத்தை நாம் எடுக்காமல் விட்டால், உமிழ்நீரில் இருக்கிற கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கிக் கெட்டியாகிவிடுகிறது.

"டாக்டர், நல்லெண்ணெய் கொப்பளிச்சா இது போயிருமுங்களா?" என்று அத்தையே கேட்டார். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். "போகாதும்மா. இது கல்லு. எண்ணெய், உப்புத் தண்ணி, நாங்க குடுக்கிற மருந்துத் தண்ணி எதுவும் இதைக் கரைக்காது. சுரண்டித்தான் எடுக்கணும். அதோட, எதைக் கொப்பளிச்சாலும் ஈறு ஓரம் வரைக்கும்தான் போகும். உங்களுக்குக் கோளாறு அதுக்குக் கீழ இருக்குது."

இந்தப் பதில் தெரிந்தால் போதும், கடையில் நான் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் பதில் கிடைத்துவிடும்.

இன்று மேலே இருந்த காரையை எடுத்தார்கள். ஈறுக்கு அடியில் இருப்பதை மரத்துப்போகும் ஊசி போட்டு அடுத்த வாரம் எடுப்பார்கள். குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீத மருந்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். பத்து மில்லி, ஒரு நிமிடம், காலையும் இரவும், இரண்டு வாரம் மட்டும். அதற்கு மேல் நீட்டினால் பல்லில் பழுப்புக் கறை படியும், ருசியும் மாறிப்போகும். பேஸ்ட்டில் துலக்கியவுடன் இதை ஊற்றினால் மருந்து வலுவிழக்கும், நடுவில் அரை மணி நேரமாவது வேண்டும்.

25 ஜூன், புதன்

என் அக்கா மகள் பல் மருத்துவம் மூன்றாம் வருடம் படிக்கிறாள். "எண்ணெயைப் பத்தி யாருமே சோதிச்சுப் பார்க்கலையா பாப்பா?" என்று போனில் கேட்டேன். சோதித்திருக்கிறார்கள், அதுவும் நம் சென்னையிலேயே.

2009இல் வெளியான ஆய்வு ஒன்று. ஈறு வீக்கம் இருந்த பதின்வயதுப் பையன்கள் 20 பேர். பத்துப் பேருக்கு நல்லெண்ணெய், பத்துப் பேருக்குக் குளோர்ஹெக்சிடின். இரண்டு பக்கமும் பல் படலமும் ஈறு வீக்கமும் குறைந்தன. வாய் நாற்றத்துக்கு 2011இல் அதே போல இன்னொன்று, அதிலும் எண்ணெய் நன்றாகவே நின்றது. 2015இல் கண்ணூரில் தேங்காய் எண்ணெயை வைத்து 60 பிள்ளைகளிடம் முப்பது நாள் பார்த்ததிலும் ஈறு தேறியிருக்கிறது.

கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவள் அடுத்துச் சொன்னதையும் எழுத வேண்டும். எல்லாமே சின்னச் சின்ன ஆய்வு, குறைந்த நாள். எல்லோரும் இளவயதுப் பிள்ளைகள், ஆரம்பகட்ட ஈறு வீக்கம். அத்தையைப் போல எலும்பு வரை இறங்கியவர்களுக்கு அது பொருந்தாது. சொத்தைப் பல்லை எண்ணெய் அடைத்ததாக எங்கும் இல்லை. பல் துலக்குவதற்குப் பதிலாக இதைச் செய்யலாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் ஏற்கவில்லை. துலக்குவதோடு சேர்த்துச் செய்தால் நல்லது, தடையில்லை. எனக்கு இது போதும். என் எண்ணெய்க்கு இவ்வளவு மதிப்பு இருந்தால் நிறைவுதான்.

இன்னொன்றும் சொன்னாள். எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குள் போனால் ஒரு வகை நிமோனியா வரும், எண்ணெய்க் கொப்பளிப்பால் அப்படித் திரும்பத் திரும்ப வந்தது 2014இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவர்கள், அடிக்கடி புரையேறுகிறவர்கள், சின்னக் குழந்தைகள் ஆகியோருக்கு இது வேண்டவே வேண்டாம். மாமாவின் அண்ணாக்காத பழக்கம் எவ்வளவு நல்ல பழக்கம்!

2 ஜூலை, புதன்

அத்தைக்கு ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தாகிவிட்டது. ஒரு பக்கம் இன்னும் வலி. மருந்துத் தண்ணீர் ஒரு பக்கம் நடக்க, உப்புத் தண்ணீரும் கொப்பளிக்கலாம் என்றார் டாக்டர். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. அதற்கு மேல் போட்டால் எரியும், பலன் கூடாது. பல் பிடுங்கியவர்கள் மட்டும் முதல் நாள் எதையும் கொப்பளிக்கக் கூடாது. குழியில் உறைந்த ரத்தம் கழன்றுவிட்டால் எலும்பு தெரிந்து உயிர் போகிற வலி வரும்.

நம் பக்கத்துக் கொப்பளிப்புகளில் எனக்குப் பிடித்தது கொய்யா இலைக் கஷாயம். கொழுந்தாகப் பத்து இலை, இரண்டு டம்ளர் தண்ணீர், பாதியாகச் சுண்ட வேண்டும். வாய்ப்புண்ணுக்கு இதமாக இருக்கும். கருவேலம்பட்டை, கடுக்காய், திரிபலா எல்லாம் துவர்ப்புச் சரக்கு. தளர்ந்த ஈறு கொஞ்சம் இறுகின மாதிரி இருக்கும், ஆனால் நாள்பட்டால் கறை படியும். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரையைப் பாசிப்பருப்புப் போட்டுக் கடைந்து சாப்பிடுவதையும் எங்கள் வீட்டில் விடுவதில்லை. மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண் என்றால் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. அதிலும் வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

வெளுக்கும் என்று எலுமிச்சம்பழத்தைப் பல்லில் தேய்ப்பதைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. புளிப்பு பல்லின் மேல்பூச்சையே கரைக்கும், போன பூச்சு திரும்ப வளராது. செங்கல் தூளும் அடுப்புக்கரியும் அதையே தேய்த்து எடுக்கின்றன. கிராம்புத் தைலத்தைச் சொட்டாக அப்படியே விட்டால் ஈறு வெந்துபோகும். புகையிலை கலந்த பல்பொடியை 1992இலேயே அரசு தடை செய்தும், வெறும் புகையிலைத் தூளால் பல் தேய்க்கும் வயதானவர்களை இன்னும் பார்க்கிறேன்.

6 ஜூலை, ஞாயிறு

பென்னாகரத்திலிருந்து உறவுக்காரப் பையன் வந்திருந்தான். முன்பற்களில் பழுப்புப் பட்டை. எத்தனையோ எண்ணெய் கொப்பளித்தும் போகவில்லை என்று வருத்தப்பட்டான். "அது அழுக்கில்ல தம்பி, நீ சரியாத் துலக்காததும் இல்ல" என்று உட்கார வைத்துச் சொன்னேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்கு, பல் ஈறுக்குள் உருவாகும்போதே அந்தக் கறை உள்ளே பதிந்துவிடுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்ததே இதற்காகத்தான். பல் டாக்டரிடம் மேல்பூச்சு மாதிரி செய்துகொள்ள வழி இருக்கிறது. கால் லிட்டர் எண்ணெய் கேட்டான். சமையலுக்கு என்றால் எடுத்துக்கோ என்று கொடுத்தேன்.

22 ஜூலை, செவ்வாய்

அத்தைக்கு மறுபரிசோதனை. ஆறு மில்லிமீட்டர் இறங்கிய இடத்தில் இன்று நான்கு. ரத்தம் ஒரே ஓர் இடத்தில் மட்டும். ஆட்டம் குறைந்திருக்கிறது, முழுக்க நிற்கவில்லை. எலும்பு தேய்ந்தது தேய்ந்ததுதான், இனிமேல் தேயாமல் காப்பதுதான் வேலை என்றார் டாக்டர். 1000 பிபிஎம் ஃபுளோரைடு பேஸ்ட்டில் இரண்டு வேளை துலக்கணும், பல் இடுக்குக்குச் சின்ன பிரஷ். மருந்துத் தண்ணீரை நிறுத்தியாச்சு. எண்ணெய் கொப்பளிக்கலாமா என்று அத்தை கேட்க, "தாராளமா. அப்புறம் துலக்குங்க" என்றார். இன்று மதியம் அத்தை இரண்டு பக்கமும் மென்று சாப்பிட்டார்.

கொப்பளிக்க வாங்குகிறவர்களுக்குப் புட்டியோடு கொடுக்கச் சீட்டு அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். மகள்தான் எழுதினாள்: "ஒரு கரண்டி, வெறும் வாயில். அண்ணாக்க வேண்டாம், விழுங்க வேண்டாம். துப்பியபின் பல் துலக்கவும். ஈறில் ரத்தம், ஆடும் பல், ஆறாத புண் என்றால் பல் டாக்டரைப் பார்க்கவும். சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டாம்." கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன்.

ஈறைச் சுத்தம் செய்தால் மூணு மாசச் சர்க்கரை சராசரியாக 0.4 அளவு இறங்குவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறதாம். அத்தைக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை அக்டோபரில், அதே வாரத்தில் ஈறுக்கும் தேதி வாங்கியிருக்கிறேன்.