மேல பாத்தே ஏமாந்துட்டேன்

கனடால 2018 அக்டோபர்ல கஞ்சா சட்டப்படி ஆச்சு, அதனால வந்த வேலைதான் இது, ஒன்டாரியோல லைசென்ஸ் வாங்கின ஒரு இண்டோர் பண்ணைல பூச்சி பாக்குற ஆளு நான். வீட்ல இன்னமும் "பூச்செடி தோட்டம்"னுதான் சொல்லி வெச்சிருக்கேன்.

மஞ்சள் ஒட்டு அட்டைல குட்டி குட்டியா கருப்பா ரெக்கைப் பூச்சி ஒட்டியிருந்துச்சு. ஈரம் ஜாஸ்தியானா வருமே ஃபங்கஸ் நேட்னு கொசு மாதிரி குட்டி ஈ, அதுதான்னு தண்ணிய குறைக்க சொல்லிட்டு ரெண்டு வாரம் சும்மா இருந்துட்டேன். அப்புறம் லென்ஸ் வெச்சு பாத்தா ரெண்டு ஜோடி ரெக்கை, பின்பக்கம் குட்டையா ரெண்டு குழாய். நேட்டுக்கு ஒரு ஜோடிதான், குழாயும் கிடையாது. இது அசுவினி, செடில சாறு உறிஞ்சுற பூச்சி.

இலைய திருப்பி திருப்பி பாத்தேன், ஒண்ணுமே இல்ல. கஞ்சா அசுவினின்னு தனியா ஒண்ணு இருக்கு, அது இலைக்கு அடில வெளிர் பச்சையா இருக்கும், கீழ் இலையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும், சீக்கிரம் மாட்டிக்கும். இது நெல் வேர் அசுவினி. தொட்டிய கவுத்து வேர பாத்தப்பதான் தெரிஞ்சுது, கரும்பச்சையா உருண்டையா, பின்னாடி குழாய்கிட்ட மட்டும் செவப்பா, நடுவுல உரிச்சுப் போட்ட தோல் அரிசி மாவு சிந்தின மாதிரி. ரெக்கை வெச்சது மேல வந்துட்டா கீழ கூட்டம் ஏற்கனவே முத்திருச்சுன்னு அர்த்தம். ஆணே வேணாம் இதுக்கு, பொம்பள பூச்சி நேரா குட்டியே போடும்.

அம்மா போன்ல "அவரைக்கு தூவுற மாதிரி சாம்பல் தூவுடா"ங்கறாங்க. ஊர்ல இமிடாகுளோபிரிட் பூச்சி மருந்து அடிச்சு முடிச்சிருப்பாங்க, இங்க கஞ்சாவுக்கு அத தொடவே கூடாது, பூவ லேப்ல மருந்து மிச்சம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணித்தான் விக்கணும்.

சின்ன செடி ரூம்ல பூச்சிய கொல்லுற பவேரியா பூஞ்சணத்த கரைச்சு வேர்ல ஊத்துனோம், மண்ணுல திரிஞ்சு மத்த பூச்சிய பிடிச்சு தின்னுறதுங்க, டலோஷியா வண்டும் ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ்ங்கற குட்டி உண்ணியும், விட்டிருக்கோம். கூட்டம் குறையுது, ஆனா சுத்தமா ஒழியும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. ஒட்டுண்ணிக் குளவி விடலாமான்னு பண்ணைல கேட்டாங்க, அது இலைல இருக்கறத நல்லா பிடிக்கும், வேருக்குள்ள எங்க போய் தேடும் பாவம்.

பூ ரூம்ல கை வைக்கல, அறுவடை முடியட்டும்னு இருக்கோம். முடிஞ்சதும் தொட்டில செடி வளர்ற மீடியா மொத்தத்தையும் மூட்டை கட்டி வெளிய போட்டுட்டு, ரூம கழுவி, வடிகால் குழாய் வரைக்கும் தேய்ச்சப்புறம்தான் அடுத்த செடி. வெளிய இருந்து வர்ற கட்டிங், அதாவது நடுறதுக்கு வெட்டின தண்டு, இனிமே தனி ரூம்லதான் இருக்கும், வாரம் ஒருதடவ நானே கவுத்து வேர பாக்கறேன்னு சொல்லிட்டேன், இடுப்புதான் போகுது.