புது டயர் போட்ட பிறகு எஃப்-150-ல் அணையாத காற்றழுத்த விளக்கு

டெக்சாஸ் வெயிலில் டிரெய்லர் இழுக்கிற வண்டி என்பதால், என் 2012 ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புக்கு இந்த முறை எல்டி ரகத்தில் (லைட் டிரக், சுமை வண்டிக்கான கெட்டி டயர்), லோடு ரேஞ்ச் இ என்கிற அதிகச் சுமை தாங்கும் தரத்தில், எல்லாத் தரைக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் டயர் நாலும் போட்டாயிற்று. அளவு பழையதேதான், 275/65 ஆர் 18. சுமை ஏற்றினாலும் பின்பக்கம் ஆடுவதில்லை, அதில் முழு திருப்தி. ஆனால் கடையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் டேஷ்போர்டில் டயர் காற்றழுத்தத்தை எச்சரிக்கிற அந்த மஞ்சள் குதிரைலாட விளக்கு, நடுவில் ஆச்சரியக்குறியோடு, கண் சிமிட்ட ஆரம்பித்துவிட்டது. கடைக்குப் போன் செய்தால், கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், தானாகவே போய்விடும் என்றார்கள். சில வண்டிகளில் போகும். இதில் போகவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளக்கு சிமிட்டாமல் எடுத்தவுடனே நிலையாக எரிந்தால் காற்று குறைவு. வண்டியை ஆன் செய்ததும் ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷம் சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக நின்றால் காற்றில் கோளாறு இல்லை, டயருக்குள்ளே காற்றழுத்தத்தை அளந்து சொல்கிற சென்சார்களில் ஏதோ ஒன்றின் பேச்சு வண்டிக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம். 2007 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவில் விற்பதற்காகத் தயாராகிற புது கார், இலகுரக பிக்கப்களுக்கு இந்த ஏற்பாடு கட்டாயம், சிமிட்டுகிற கணக்கும் அந்த விதியிலேயே இருக்கிறது. என்னுடையது சிமிட்டுகிற ரகம். அதனால் காற்றை ஏற்றி இறக்கி நேரத்தை வீணாக்காமல் நேராக சென்சாரைப் பார்க்கப் போனேன்.

நண்பரிடம் சென்சார் படிக்கிற கைக்கருவி இருந்தது. வால்வுக்குப் பக்கத்தில் டயரின் சுவரில் வைத்து அமுக்கினால், தூங்குகிற சென்சாரை 125 கிலோஹெர்ட்ஸ் அலையில் எழுப்பும், அது 315 மெகாஹெர்ட்ஸில் தன் எண்ணையும் காற்றழுத்தத்தையும் சொல்லும். முன் இடது உடனே பதில் சொன்னது. முன் வலது ரொம்ப யோசித்து, இரண்டாவது அமுக்கலில்தான் வாய் திறந்தது. பின் வலது சரி. பின் இடது ஒன்றுமே சொல்லவில்லை. கருவியை வால்வைச் சுற்றி நகர்த்திப் பார்த்தேன், கொஞ்சம் காற்றை இறக்கியும் பார்த்தேன், மூச்சே இல்லை.

டயர் கழற்றும்போது கடையில் உடைத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. வேறு கடையில் டயரை ரிம்மிலிருந்து விலக்கிப் பார்த்தபோது சென்சார் முழுசாகவே இருந்தது, கட்டைவிரல் அளவுக் கறுப்புப் பெட்டி, கீறல்கூட இல்லை. உள்ளே பேட்டரியைப் பிசின் ஊற்றி அடைத்திருக்கிறார்கள், மாற்ற வழியே கிடையாது. ஐந்திலிருந்து பத்து வருஷம்தான் அதன் ஆயுள், இது வண்டியோடு வந்த பழசு. என் கணிப்பு, டயரைக் கழற்றும்போது காற்று ஒரேயடியாக இறங்கியதில் சென்சார் அடிக்கடி சிக்னல் அனுப்பி, மிச்சமிருந்த உயிரையும் செலவழித்துவிட்டது. டயரைப் பிரிக்காமல் சென்சாரை எடுக்க முடியாது, ஆகவே பழைய வண்டிக்கு டயர் மாற்றுகிறவர்கள் கடைக்குப் போகும் முன்பே கருவியை வைத்துப் பார்த்துவிடுவது ரொம்ப நல்லது. அதே கூலியில் சென்சாரும் மாறிவிடும்.

மற்ற மூன்றும் அதே வயசு என்பதால் நாலையும் மாற்றச் சொன்னேன். பழைய சென்சார் உயிரோடு இருந்தால் அதன் எண்ணையே புதியதில் நகல் எடுக்கலாம், வண்டிக்குத் தெரியவே தெரியாது. செத்ததிலிருந்து எண்ணை எடுக்க முடியாதே, அதனால் புது எண்களைப் போட்டு வண்டிக்கு அறிமுகம் செய்ய வேண்டியதாயிற்று.

அதை நானே செய்தேன். மற்ற வண்டிகளின் சென்சார் குறுக்கே பேசாமல் இருக்க ஆளில்லாத பார்க்கிங் இடமாகப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். சாவியை ஆஃபில் வைத்து பிரேக்கை ஒரு தடவை மிதித்து விட வேண்டும், பிறகு சாவியை ஆஃபிலிருந்து ரன்னுக்கு (எஞ்சினைக் கிளப்பாமல் ஆன் நிலை) மூன்று முறை கொண்டுபோய் ரன்னில் நிறுத்தி, மறுபடி பிரேக்கை மிதித்து விட்டு, சாவியை ஆஃப் செய்து, திரும்பவும் மூன்று முறை. ஹாரன் ஒரு தடவை அடித்து, முன் இடது டயரைக் காட்டு என்று திரையில் வந்தது. இருபது முப்பது டாலருக்குக் கிடைக்கிற சின்னத் தூண்டும் கருவியே இதற்குப் போதும். முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்று கடிகார முள் போகிற வாக்கில் சுற்றினேன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிஷம்தான் அவகாசம். ஒவ்வொரு டயரிலும் ஹாரன் ஒரு முறை அடித்தால் அது பதிந்துவிட்டது. நாலும் பதிந்தன. சாவியை ஆஃப் செய்தபோது ஹாரன் இரண்டு முறை அடித்திருந்தால் தோல்வி, அடிக்கவில்லை. விளக்கு அணைந்தது.

ஆனால் எல்டி டயர் போட்டவர்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு இதுதான் கவலை. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கிற தாளில் என் வண்டிக்குக் காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ, அது பழைய ரக டயருக்குப் போட்ட கணக்கு. எல்டி டயர் அதே சுமையைத் தாங்க அதைவிடக் கூடுதல் காற்று வேண்டும், சுமை அட்டவணையைப் பார்த்து நான் 45-ஐ ஒட்டி வைத்திருக்கிறேன். விளக்கோ 35-ல் கால் பங்கு குறைந்தால்தான், அதாவது 26-ஐ ஒட்டித்தான் எரியும். 45-லிருந்து அங்கே இறங்குவதற்குள் டிரெய்லரோடு நெடுஞ்சாலையில் டயர் கொதித்துவிடும். அதனால் கேஜ் வண்டியிலேயே கிடக்கிறது, டிரெய்லர் மாட்டுகிற ஒவ்வொரு காலையும் டயர் சூடேறும் முன் நாலிலும் கையால் பார்த்துவிடுகிறேன். ஸ்பேரில் சென்சாரே கிடையாது, அடியில் தொங்குகிற அதையும் இறக்கிப் பார்க்க வேண்டும், அது இந்த வார இறுதி வேலை.