பொறந்த 24 மணி நேரத்துக்குள்ள போடுற ஊசி

பிரசவ வார்டுல நர்ஸா இருக்கேன். பச்சக்குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி ஊசி, அதாவது கல்லீரல தாக்குற வைரஸுக்கான தடுப்பூசி, எதுக்குன்னு கேக்காத குடும்பம் குறைவு. ஒரு அப்பா மனைவியோட ரிப்போர்ட்ட நீட்டிக்கிட்டே கேட்டார், "இவளுக்கு நெகட்டிவ்னு போட்டிருக்கே சிஸ்டர், அப்புறம் குழந்தைக்கு எங்கிருந்து வரும்? பொறந்து நாலு மணி நேரம் கூட ஆகல." நியாயமான கேள்விதான். டியூட்டி முடியுற அவசரத்துல ரூல்ஸ் அப்படி சார்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன், வீட்டுக்கு வந்தும் அது உறுத்திட்டே இருந்துச்சு.

ஏன்னா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி நடந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு அம்மாவோட ஃபைல்ல நெகட்டிவ் ரிப்போர்ட் இருந்துச்சு, யாரும் தேதிய பாக்கல, அது முந்தின பிரசவத்தப்போ எடுத்தது. புது ரிசல்ட் வந்தப்போ பாசிட்டிவ். நல்லவேளை எல்லா குழந்தைக்கும் போடுற மாதிரி அந்தக் குழந்தைக்கும் ஊசிய முதல்லயே போட்டிருந்தோம், உடனே இம்யூனோகுளோபுலினும் (வைரஸ எதிர்க்கற ரெடிமேட் எதிர்ப்புப் புரதம்) சேத்துப் போட்டாங்க. அம்மாவ பாத்து ஊசி போடலாமா வேணாமான்னு முடிவு பண்ற வழக்கம் இருந்திருந்தா அந்தக் குழந்தைய கோட்டை விட்டிருப்போம்.

இந்த வைரஸ் ஆள் வயச பாத்து நடந்துக்கும். பெரியவங்களுக்கு வந்தா 100ல 95 பேருக்கு மேல தானா சரியாயிடும். அதே ஒரு வயசுக்குள்ள வந்தா 100ல 90 குழந்தைங்களுக்கு நாள்பட்ட நோயா தங்கிடும், அப்போ ஒரு அறிகுறியும் தெரியாது, முப்பது நாப்பது வருஷம் கழிச்சு கல்லீரல் சுருங்கியோ கேன்சராவோ வந்து நிக்கும். அம்மாகிட்ட இருந்துதான் வரணும்னும் இல்ல, தனக்கு இருக்கறதே தெரியாம வீட்டுல யாருக்காவது இருக்கலாம், வைரஸ் உடம்புக்கு வெளியவும் குறைஞ்சது ஏழு நாள் உயிரோட இருக்கும்.

ஊசியால என்ன கஷ்டம்னா, குழந்தை அழும், ஊசி போட்ட இடம் சிவக்கும், சிலதுக்கு லேசா ஜுரம். கடுமையான அலர்ஜி கிட்டத்தட்ட 10 லட்சம் டோஸுக்கு ஒண்ணு. மருந்துல முழு வைரஸ் கிடையாது, அதோட மேல்புரதத்த மட்டும் ஈஸ்ட்ல வளத்து எடுத்தது, அதனால ஊசியால நோய் வராது. 1998ல பிரான்ஸ்ல நரம்பு நோய் வருதோங்கற பயத்துல ஸ்கூல்ல போடுறத நிறுத்தினாங்க, அப்புறம் வந்த ஆய்வுகள்ல அந்தத் தொடர்பு உறுதியாகல. தைவான்ல 1984ல பச்சக்குழந்தைகளுக்கு இந்த ஊசிய போட ஆரம்பிச்சாங்க, 1997ல வந்த ஆய்வுல 6லேர்ந்து 14 வயசு பிள்ளைங்களுக்கு கல்லீரல் கேன்சர் ஏறக்குறைய பாதியா குறைஞ்சிருந்துச்சு.

என்னை கேட்டா உண்மையான பாரம் மருந்த காப்பாத்தறதுலதான் இருக்கு. 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், உறைஞ்சா போச்சு. ஒரு தடவ ஃப்ரிட்ஜ்ல ஐஸ் பக்கம் ஒட்டிக் கெடந்த குப்பிய எடுத்து குலுக்கி பாத்தேன், சீரா பால் மாதிரி கலங்கி நிக்க வேண்டியது திப்பி திப்பியா அடியில இறங்குச்சு. அத தெரியாம போட்டிருந்தா கார்டுல டிக் இருக்கும், குழந்தைக்கு பாதுகாப்பு இருக்காது.

மறுநாள் காலையில டியூட்டிக்கு போனதும் முதல்ல அந்த அப்பாகிட்டதான் போனேன். அந்தப் பழைய ரிப்போர்ட் கதைலேர்ந்து எல்லாத்தையும் சொன்னேன். அலர்ஜி வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டார், டிரேல இருந்த அட்ரினலின, கடுமையான அலர்ஜிக்கு உடனே போடுற மருந்த, எடுத்து காட்டினேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, அம்மா பால் குடுத்துக்கிட்டு இருக்கும்போதே குழந்தையோட கால அவரே புடிச்சுக்கிட்டார். தொடையில போட்டதும் ஒரே ஒரு கத்தல், திரும்ப பால் குடிக்க ஆரம்பிச்சிடுச்சு. கார்டுல தேதி மட்டும் எழுதினேன், நேரத்தையும் எழுதுங்க சிஸ்டர்னார். பொறந்து 19 மணி நேரம் ஆகியிருந்துச்சு.